தீபாவளியும் சாப்பாட்டுப் பயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு அனோரெக்ஸியா என்ற உண்ணுதல் கோளாறு என்று மருத்துவர் சொன்னபோது அவளுக்கு 15 வயது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. சாப்பாட்டு மேசையில் சிவப்பு மூடி டப்பாக்கள் வரிசையாக நின்றன, பாதியில் முறுக்கு நிரம்பியிருந்தது. இப்போது அவளுக்கு 21 வயது, நன்றாக இருக்கிறாள். அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் யாராவது ஓர் அம்மா, ஓர் அக்கா, சில சமயம் பாதிக்கப்பட்ட பிள்ளையே என்னிடம் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். மகளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் சிங்கப்பூரில் இருக்கும் ஓர் அம்மா, மருத்துவர் இல்லை. வீட்டில் பட்டதும் மருத்துவர்களிடம் கேட்டுக் கற்றதும்தான் என்னிடம் இருக்கிறது.

எடையோ கலோரியோ இந்தப் பக்கத்தில் எங்கும் எண்ணாக வராது. இந்த நோய் உள்ளவர்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தங்களை அதோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

உண்ணுதல் கோளாறு என்பது டயட்தானே? கொஞ்ச நாளில் தானாக விட்டுப் போகாதா?

டயட் இருப்பவர் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்கு அதை ஒத்திவைப்பார். இந்த நோய் உள்ளவரால் முடியாது. தட்டைப் பார்த்தால் பயம், சாப்பிட்டால் குற்ற உணர்ச்சி, சாப்பிடாவிட்டால் மட்டும் கொஞ்சம் நிம்மதி. நாள் முழுக்க மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கும்.

இதில் பல வகை உண்டு. உணவைக் குறைத்துக்கொண்டே போய், உடம்பு கரைந்த பிறகும் குண்டாக இருப்பதாக நம்புவது அனோரெக்ஸியா. அடக்க முடியாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டு, வாந்தி எடுத்தோ மலமிளக்கி சாப்பிட்டோ பட்டினி கிடந்தோ அதைச் 'சரிக்கட்டுவது' புலிமியா. சரிக்கட்டாமல், கட்டுப்பாடு இழந்து அளவு மீறிச் சாப்பிடுவது மட்டும் திரும்பத் திரும்ப நடந்தால் அதுவும் தனி நோய்தான். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு 2013இல்தான் அதைத் தனி நோயாகச் சேர்த்தது. அதுவரை 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று திட்டு வாங்கியவர்கள் எத்தனை பேரோ.

ஆள் ஒல்லியாக இருந்தால்தான் நோய் என்று நினைக்காதீர்கள். புலிமியா உள்ளவர்களில் பலர் பார்ப்பதற்கு எல்லாரையும் போலத்தான் இருப்பார்கள்.

இதெல்லாம் நம் ஆட்களுக்கு வருமா?

வரும். நானும் வராது என்றுதான் நினைத்தேன். அனோரெக்ஸியாவுக்கு லண்டனில் ஒரு மருத்துவர் 1873இல் பெயர் வைத்தார் என்பதாலோ என்னவோ, இது வெள்ளைக்காரர்களின் நோய் என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டுவிட்டது. சிங்கப்பூர் மருத்துவமனைகளில் எல்லா இனத்தவரும் இதற்குச் சிகிச்சை பெறுகிறார்கள். நம் வீடுகளில் இதற்குப் பெயர்கள்தான் வேறு: 'அவளுக்கு வாய்க்கு ருசியே இல்லை', 'பிடிவாதம்', 'எக்ஸாம் டென்ஷன்'. முதலில் நான் கூட்டிப்போன பக்கத்து கிளினிக் டாக்டரும் 'எக்ஸாம் டென்ஷன்' என்றுதான் சொன்னார். அதை நம்பி நான்கு மாதம் வீணாக்கினேன்.

பண்டிகை நேரத்தில் ஏன் இது அதிகமாகிறது?

வேறு பண்டிகைகளைவிட தீபாவளி நம்மவர்களுக்கு அதிகமாக வலிக்கிறது என்பது என் அபிப்பிராயம். சேர்ந்து வரும் விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் துணி. என் மகளுக்குப் பாவாடை தாவணி தைக்கத் தேக்கா பக்கம் ஒரு கடைக்குப் போனோம். அளவெடுத்த அம்மா நாடாவை இடுப்பில் சுற்றி, எண்ணை உரக்கச் சொன்னார். நோட்டில் எழுதிய பெண்ணுக்குக் கேட்கவில்லை, இன்னொரு முறை சொன்னார். வரிசையில் நின்ற நான்கைந்து பேருக்கும் கேட்டது. மகள் ஜாக்கெட் துணியின் ஓரத்தைப் பிடித்து நூல் நூலாக உருவிக்கொண்டே நின்றாள். அப்போது அது எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

அப்புறம் வீட்டு வாசனை. ஓர் எச்.டி.பி. அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் மூன்று நாள் எண்ணெய்ச் சட்டி வைத்தால் அறைக் கதவைச் சாத்தினாலும் தப்பிக்க முடியாது. அதற்கப்புறம் ஓப்பன் ஹவுஸ்: காலையில் எண்ணெய்க் குளியல், மதியம் பிரியாணி, இரவு வரை ஆள் மாற்றி ஆள். வரும் ஒவ்வொருவரும் 'சாப்பிடு' என்பார்கள், கூடவே ஒரு போட்டோ எடுப்பார்கள்.

தேர்வும் கூடவே வரும். தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வருகிறது, சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வும் அதே சமயம்தான். பிறகு நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் முடியப் பள்ளி விடுமுறை. மகளுக்கு அதுவரை இடைவேளை மணி அடித்தால் தோழிகளோடு கேன்டீனில் உட்கார வேண்டிய கட்டாயமாவது இருந்தது. விடுமுறையில் அந்த ஒழுங்கும் போனது. பதினொரு மணிக்கு எழுந்து, 'அப்போதே சாப்பிட்டேன்' என்று சொல்லிவிடுவாள். நான் வேலையில் இருந்தேன், பார்க்க ஆளில்லை.

பெற்றோர் சிலருக்கும் பழைய காயம் உண்டு. 1992 முதல் 2007 வரை நம் பள்ளிகளில் 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டம் இருந்தது, பருமனான பிள்ளைகளைத் தனியே பிரித்து உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். அன்று அந்த வரிசையில் நின்றவர்கள் இன்று அம்மா அப்பாக்கள். தன் பிள்ளைக்கும் அந்த அவமானம் வந்துவிடக் கூடாதே என்ற பதற்றத்தில்தான் சிலர் பிள்ளையின் தட்டைக் கண்காணிக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனாலும் அந்தப் பதற்றம் பிள்ளைக்குத் தொற்றிக்கொள்ளும்.

வாசலில் நுழைந்ததும் உடம்பைப் பற்றிப் பேசுகிறவர்களை என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. 'என்னடி இப்படி இளைச்சிட்ட', 'கொஞ்சம் பூசினாப்ல இருக்கியே', 'போன வருஷம் பார்த்ததுக்கு இப்ப எவ்வளவோ தேவலை'. மூன்றும் பாசத்தில் வருபவைதான். மூன்றுமே இந்த நோய் உள்ளவருக்கு விஷம். முதலாவதைக் கேட்டால் நோய் பெருமைப்படும். இரண்டாவது, மறுநாள் பட்டினி. குணமாகி வரும் பிள்ளையிடம் மூன்றாவதைச் சொன்னால், 'குண்டாகிவிட்டாய்' என்றுதான் அதன் காதில் விழும்.

வாசலில் வைத்துத் தடுக்க முடியாது. முன்னாடியே பேச வேண்டும். நான் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு நாத்தனாருக்கும் என் சித்திக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினேன்: 'அண்ணி, பாப்பாவுக்கு உடம்பு சரியில்லாம இருந்து இப்பதான் தேறிட்டு வர்றா. அவ உடம்பைப் பத்தியோ சாப்பாட்டைப் பத்தியோ யாரும் எதுவும் பேச வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நல்லாருக்கேன்னுகூட வேணாம். ஸ்கூல் பத்தி, அவ வரையிற படங்களைப் பத்திக் கேளுங்க.' நோயின் பெயரைச் சொல்லவில்லை, அது அவள் சொல்ல வேண்டியது. டாக்டர் சொன்னார் என்றால் நம் பெரியவர்கள் கேட்டுக்கொள்வார்கள். என்ன பேசக் கூடாது என்பதோடு நிறுத்தாமல், பதிலுக்கு என்ன பேசலாம் என்றும் சொல்லிவிட்டால் அவர்களுக்குச் சுலபம்.

அப்படியும் ஒருவர் பேசிவிட்டால் பிள்ளை பதில் சொல்லக் காத்திருக்க வேண்டாம், நீங்கள் நடுவில் புகுந்துவிடுங்கள். 'அத்தை, அதை விடுங்க, உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு?' என்றால் பேச்சு அரை மணி நேரம் அந்தப் பக்கம் போய்விடும்.

எனக்கே இந்த நோய் இருக்கிறது. அந்த ஒரு நாளை எப்படித் தாண்டுவது?

என் மகள் சொன்னவற்றைத் தருகிறேன்.

முந்தின இரவே நாளைய சாப்பாட்டை முடிவு செய்துவிடுங்கள்: எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு. சிகிச்சையில் இருந்தால் உங்கள் உணவியல் வல்லுநரோடு உட்கார்ந்து திட்டம் போடுங்கள், பலகாரத்தையும் அதில் சேர்த்து. காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கவே கூடாது. 'மதியம் பிரியாணி இருக்கிறதே' என்று காலியான வயிற்றோடு போனால், பயமும் பசியும் சேர்ந்து எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்ல முடியாது.

ஓர் ஆளை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு அவள் பெரியப்பா மகன். 'அண்ணே, கீழே கடைக்குப் போவோமா' என்று அவள் கேட்டால், எழுந்து வா என்று அர்த்தம். இருவரும் புளோக்கின் கீழ்த்தளத்துத் திறந்தவெளியான வாய்ட் டெக்கில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

இடுப்பைப் பிடிக்கிற உடை வேண்டாம். நாடா கட்டும் சுரிதார் போதும். போட்டோவில் நிற்கப் பிடிக்கவில்லை என்றால், எடுப்பவர் நீங்களாக இருங்கள்.

எல்லா வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. ஆறு வீடு என்றால் இரண்டுக்குப் போங்கள். மற்றவர்களை மறுவாரம் பார்த்துக்கொள்ளலாம், கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டேன். நாளைக்குப் பட்டினி இருந்து ஈடுகட்டலாமா?

வேண்டாம். அந்தப் பட்டினியிலிருந்துதான் அடுத்த முறை அளவு மீறுவது ஆரம்பமாகும். அடுத்த வேளை வந்ததும் வழக்கம்போலச் சாப்பிடுங்கள். மிகக் கடினம் என்று தெரியும், ஆனாலும் அதுதான் வழி.

இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1944, 45 ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், மனதாலும் உடம்பாலும் ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார்கள். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று கண்டுபிடிக்க, சம்மதத்தோடு நடந்த சோதனை அது. அந்த இளைஞர்களுக்கு வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களை வாங்கி அடுக்கினார்கள், கனவிலும் சாப்பாடுதான். பட்டினி முடிந்த பிறகு சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் வயிறு நிறைந்ததாகவே தோன்றவில்லை. என் மகள் ஒரு கவளம் சோற்றுக்கு அழுத அதே நாள்களில், நள்ளிரவு ஒரு மணி வரை அதிரசம் சுடும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஆசை இருக்கிறது, நடிக்கிறாள்' என்று அப்போது நினைத்தேன். பசித்த மூளை அப்படித்தான் செய்யும் என்று பிறகுதான் தெரிந்தது.

வாந்தி எடுத்துவிட்டீர்களா? உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள், உடனே பல் துலக்காதீர்கள், அமிலம் பட்ட பல் தேயும். அடிக்கடி நடந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும். இதயத் துடிப்பு தப்புவதே அதனால்தான். ஆகவே மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

விரதம் இருக்கலாமா? சாமி விஷயம், எப்படி வேண்டாம் என்பது?

இதைப் பற்றித் தமிழில் யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் காலண்டரைப் பாருங்கள். புரட்டாசி சைவம், நவராத்திரி, தீபாவளி அன்று கேதார கௌரி விரதம், அது முடிந்த கையோடு ஆறு நாள் கந்த சஷ்டி, பிறகு தைப்பூசத்துக்கு வாரக்கணக்கில் விரதம். சாப்பிடாமல் இருக்கக் காரணம் தேடும் நோய்க்கு இதைவிட நல்ல திரை கிடைக்காது. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், பாராட்டவும் செய்வார்கள். நோய் என்று தெரிவதற்கு முந்தின வருஷம் என் மகள் சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் என்றாள். என் மாமியார் பூரித்துப்போய் எல்லாரிடமும் சொன்னார். எனக்கும் பெருமைதான். ஆறாம் நாள் குளியலறையில் விழுந்தாள்.

நோயாளிகளும் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் விரதம் இருக்க வேண்டியதில்லை என்று பெரியவர்கள் எப்போதும் சொல்லி வந்திருக்கிறார்கள். உண்ணுதல் கோளாறும் நோய்தான். கோயிலுக்குப் போகலாம், கவசம் படிக்கலாம், விளக்கேற்றலாம், பூத்தொடுத்துக் கொடுக்கலாம். தைப்பூசத்தன்று டேங்க் ரோடு முருகன் கோயில் பக்கம் தண்ணீர்ப் பந்தலில் நிற்பதும் முருகனுக்குச் செய்வதுதான். திடீரென்று சைவத்துக்கு மாறுகிற, விரதத்தை மேலும் மேலும் கடுமையாக்குகிற, முடிந்த பிறகும் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பாத பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கள். பக்தியைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. விரதம் முடிக்கும் பாரணை அன்று சந்தோஷமாகச் சாப்பிட உட்காருகிறாளா, சாக்குச் சொல்கிறாளா என்று பாருங்கள்.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சர்க்கரை நோய். பிள்ளை குறைவாகச் சாப்பிட்டால் நல்லதுதானே?

சிங்கப்பூரில் இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம் என்பது உண்மை, உங்கள் கவலையும் நியாயம். ஆனால் சர்க்கரையைக் குறைப்பது வேறு, சோற்றைக் கண்டு பயப்படுவது வேறு. நீரிழிவும் உண்ணுதல் கோளாறும் ஒருவருக்கே இருந்தால் ஆபத்து கூடும், இரண்டு மருத்துவர்களுக்கும் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை முன்னால் லட்டை எடுத்து வைத்துக்கொண்டு 'இது விஷம்' என்று பேசாதீர்கள்.

பையன்களுக்கும் வருமா?

வரும், ஆனால் வெளியே தெரிவது தாமதமாகத்தான். தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவப் பணிக்கு) முன் இளைக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் போனவர்கள் உண்டு, தசை போதவில்லை என்று ஜிம்மே கதியாகக் கிடப்பவர்களும் உண்டு. 'நல்லா ஃபிட்டா ஆயிட்டான்' என்ற பாராட்டில் நோய் ஒளிந்துகொள்கிறது.

பிள்ளை தட்டில் ஒன்றுமே போட்டுக்கொள்ளவில்லை. ஊட்டிவிடலாமா?

விருந்தாளிகள் முன் வேண்டாம். அழுது கெஞ்சுவது, 'உனக்காகத்தானே செய்தேன்' என்பது, ஒரு லட்டுக்கு இருபது வெள்ளி காசு தருகிறேன் என்பது, இத்தனையும் செய்து பார்த்தேன். அடுத்த நாள் அவள் புதுப் பாவாடையைத் துவைக்க எடுத்தபோது தாவணி மடிப்புக்குள் டிஷ்யூவில் சுற்றிய முறுக்கும் நசுங்கிய லட்டும் இருந்தன. நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் 'சாப்பிட்டவை' அவை.

அதற்காகச் சும்மா விட்டுவிடுவதும் தப்பு. இளம் வயதினருக்கு நல்ல பலன் தருவதாக ஆய்வுகளில் தெரியவந்த குடும்பவழிச் சிகிச்சையில், கொஞ்ச காலத்துக்கு வேளாவேளைச் சாப்பாட்டுப் பொறுப்பைப் பெற்றோரே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சிகிச்சைக் குழுவின் வழிகாட்டலோடு, அமைதியாக. விருந்தன்று அந்தச் சாப்பாட்டைச் சமையலறையிலோ அறையிலோ இருவரும் உட்கார்ந்து முடித்துவிட்டு வெளியே வாருங்கள். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் கூடவே இருங்கள், சீட்டு விளையாடுங்கள், கோலத்துக்குப் பொடி கலந்து வையுங்கள். அந்த ஒரு மணி நேரம்தான் அவர்களுக்கு மிகக் கொடுமையானது.

ஓர் எச்சரிக்கை. பல நாள்களாக ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவருக்குத் திடீரென்று நிறைய ஊட்டுவது உயிருக்கே ஆபத்து, ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சட்டென்று இறங்கும். முதலில் மருத்துவரிடம் போங்கள்.

எங்கே போவது? எவ்வளவு செலவாகும்?

பலதுறை மருந்தகத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணம். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் உண்ணுதல் கோளாறுகளுக்கென்றே ஒரு சிகிச்சைத் திட்டம் இருக்கிறது. பதின்ம வயதுப் பிள்ளைகளை கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் பார்க்கிறார்கள். 16 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் மனநலக் கழகத்தின் 'சாட்' சேவையில் இலவசமாகப் பேசி மதிப்பீடு செய்துகொள்ளலாம். பள்ளியில் ஆலோசகர் இருப்பார், அவரிடமும் சொல்லலாம்.

கிளினிக்கில் 'சரியாகச் சாப்பிடுவதில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள், நான் அப்படிச் சொல்லித்தான் ஏமாந்தேன். எத்தனை வேளை தவிர்க்கிறாள், மாதவிடாய் நின்று எத்தனை மாதம், மயக்கம் எத்தனை முறை, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போகிறாளா என்று ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள்.

எப்போது காத்திருக்கவே கூடாது?

மயங்கி விழுந்தால், நெஞ்சு வலித்தால், படபடப்பு நிற்காவிட்டால், வாந்தியில் ரத்தம் வந்தால், தண்ணீர்கூட உள்ளே தங்காவிட்டால், பேச்சு குழறினால் 995, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தீபாவளி விருந்தின் நடுவிலாக இருந்தாலும் சரிதான்.

வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அதை நாடகம் என்று எண்ணாதீர்கள், தனியே விடாதீர்கள். 1767, சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர், நாள் முழுக்க எடுப்பார்கள். 1771 தேசிய மனநல உதவி எண், மனநலக் கழகத்தின் எண் 6389 2222, இவையும் 24 மணி நேரச் சேவைகள். போலீஸ் வழக்காகிவிடுமோ என்று சிலர் இன்னமும் பயந்து மறைக்கிறார்கள். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப் பிரிவு 2020 ஜனவரி 1 முதல் இங்கே இல்லை.

அப்படியானால் வீட்டில் பலகாரமே செய்யாமல் விட்டுவிடலாமா?

பிள்ளையைக் கேளுங்கள். நோய் தெரிந்ததற்கு அடுத்த வருஷம் நாங்கள் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை, ஓப்பன் ஹவுஸும் இல்லை. மாலையில் சிராங்கூன் சாலை விளக்குகளைப் பார்த்துவிட்டு வந்தோம், அவ்வளவுதான். அதற்கடுத்த வருஷம் அவளே கேட்டு அச்சு முறுக்கு மட்டும் சுட்டோம். அச்சை மாவில் தோய்ப்பது அவள் வேலை, எண்ணெயில் உதறிவிடுவது என் வேலை. அதற்கும் அடுத்த வருஷம் டப்பாக்கள் பழையபடி மேசைக்கு வந்தன.

தீபாவளி முடிந்துவிட்டால் மூச்சுவிடலாமா?

உடனே இல்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல், சீனப் புத்தாண்டு என்று வரிசையாக நிற்கின்றன. சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டு ஆண்ட்டி அன்னாசி டார்ட் டப்பாவோடு வருவார், அவருக்கும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பலதுறை மருந்தகங்கள் பொது விடுமுறையன்று மூடியிருக்கும், சிகிச்சையாளர்களும் டிசம்பரில் லீவு எடுப்பார்கள். அந்த நாள்களை இப்போதே காலண்டரில் குறித்துக்கொண்டு, அடுத்த சந்திப்பு தள்ளிப்போகாமல் தேதி வாங்கிவிடுங்கள். மருந்து தீரும் நாளையும் அதிலேயே எழுதுங்கள்.